சோதிரிஸ் பெயரில் இருபத்தாறு வருஷம்

என் வீட்டுக்காரர் பெயர் ஸ்கெண்டர். அல்பேனியாவில் அவருடைய அப்பா வைத்த பெயர். நாங்கள் பிழைக்க வந்த கிரேக்க ஊரான வோலோஸில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. சோதிரிஸ் என்று கேளுங்கள், ரொட்டிக்கடைக்காரர் வாசல்வரை வந்து எங்கள் வீட்டைக் காட்டுவார்.

எல்லாம் டைல்ஸ் மேஸ்திரி ஸ்தாதிஸ் செய்த வேலை. இவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, "உன் பேர் வாயில நுழையலப்பா. முஸ்லிம் பேருன்னா வீட்டுக்குள்ளயே விட மாட்டாங்க. இனிமே நீ சோதிரிஸ்" என்றாராம். இவரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டார். எங்கள் ஆண்கள் பாதிப் பேர் அப்படித்தான். நான் மாற்றிக்கொள்ளவில்லை. நான் துப்புரவு வேலைக்குப் போன வீட்டு எஜமானி மாற்றச் சொன்னபோது, "உங்க கக்கூஸைக் கழுவ என் பேர் எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

கூப்பிடுவதோடு போயிருந்தால் பரவாயில்லை. வேலை பார்த்ததற்குச் சான்றாகும் தொழிலாளர் இன்சூரன்ஸை மேஸ்திரி கட்டியதும் சோதிரிஸ் பெயரில்தான். இவர் அதைப் பார்த்தார், திருத்தச் சொல்லவில்லை. "ஆசையா வச்ச பேரு, கோச்சுக்குவாருடி" என்பார். குடியிருப்பு கார்டை ஒவ்வொரு முறையும் என் துப்புரவு வேலையைக் காட்டித்தான் புதுப்பித்தோம், மனைவியைச் சார்ந்தவர் என்று. போன வருஷம் என் முதுகு போனது, வேலையும் போனது.

அதற்குள் இவர் குடியுரிமைக்கு விண்ணப்பித்துத் தேர்விலும் பாஸாகிவிட்டார். கார்டைப் புதுப்பிக்கச் சொன்னால், "குடியுரிமையே வரப்போகுது, கார்டு எதுக்கு?" என்றார். கார்டு முடிய மூன்று வாரம் மிச்சமிருக்கும்போது குடியேற்ற அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கார்டு முடிந்தால் விண்ணப்பமும் நின்றுவிடும். இரண்டுக்கும் சொந்த வேலைக்கான சான்று வேண்டும்.

இருவரும் மேஸ்திரி வீட்டுக்குப் போனோம். காபி கொடுத்தார்.

"சோதிரிஸும் ஸ்கெண்டரும் ஒரே ஆள்னு ஒரு கையெழுத்து போடுங்க மேஸ்திரி" என்று இவர் கேட்டார்.

"பொய்ப் பேர்ல இன்சூரன்ஸ் கட்டினேன்னு நானே எழுதித் தரவா? உள்ள தூக்கிப் போட்டுருவாங்கப்பா. சோதிரிஸ் எனக்குப் பிள்ளை மாதிரி. ஸ்கெண்டர்னு எனக்கு யாரையும் தெரியாது."

"இவர் முட்டி தேஞ்சது உங்க வேலையிலதான். அந்த முட்டி யாரோடதுன்னாவது எழுதிக் குடுங்க" என்றேன். இவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். காபிக்கு நன்றி வேறு சொன்னார், வெட்கங்கெட்ட மனுஷன்.

கார்டு முடியும் கடைசி நாள் அந்த அலுவலகத்துக்குப் போனோம். ஜன்னலில் இருந்த பெண் பொறுமையாகத்தான் எல்லாக் காகிதத்தையும் புரட்டினாள்.

"சோதிரிஸுக்கு இருபத்தாறு வருஷ வேலை இருக்கு. அவர் வந்து கேட்டா இன்னிக்கே எழுதிக்குவேன். உங்களுக்கு ஒரு நாள்கூட இல்லையே சார்."

"நான்தாம்மா அது."

"யார் சொல்றா?"

இவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நான் சொல்றேன். நான் இவர் பொண்டாட்டி" என்றேன்.

அவள் எங்கள் கல்யாணப் பத்திரத்தை எடுத்து ஜன்னலில் வைத்தாள். "இதுல ஸ்கெண்டர்னு இருக்கேம்மா. நீங்க ஸ்கெண்டரோட மனைவி. சோதிரிஸுக்கு நீங்க எப்படிச் சாட்சி சொல்ல முடியும்?"

இந்த ஊரில் அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் நான் ஒருத்திதான். அதனாலேயே என் சாட்சி செல்லாமல் போனது.