மலர்க்கொடி எழுதுன வாக்கியம்

சிவப்பு ரீஃபில் பேனா மூடியத் தொறந்ததும் ஒரு வாசன வரும் பாருங்க… மருந்து வாசனயும் இல்ல, மண்ணெண்ண வாசனயும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு. எங்களுக்கெல்லாம் அதத் தொட உரிமை கெடையாது. டீச்சரோடது. வெள்ளிக்கெழம டெஸ்ட் அன்னிக்கு மட்டும் எங்க கைக்கு வரும்.

வேப்பந்தட்டை பக்கம் எங்க ஊரு ஸ்கூல்ல அஞ்சாவது. டெஸ்ட் முடிஞ்சதும் "நோட்ட மாத்திக்கோங்க"ம்பாங்க டீச்சர். பக்கத்துல இருக்குறவ நோட்ட நாம திருத்தணும், நம்ம நோட்ட அவ திருத்துவா. ரைட்டு போடும்போது ஒரு கெத்து வரும்… கலெக்டர் கையெழுத்து போடுற மாதிரி.

என் பக்கத்துல எப்பவும் மலர்க்கொடிதான். காலனித் தெரு. அவங்கம்மா எங்க கொல்லையில வெங்காயம் புடுங்க, பருத்தி எடுக்க வருவாங்க. எனக்கு வகுத்தல் கணக்கு வராது, அவதான் சொல்லித் தருவா. அவளுக்கு டிராயிங் வராது, மயில்னு வரைஞ்சா கோழி மாதிரி இருக்கும், நான்தான் போட்டுக் குடுப்பேன். ஒண்ணுக்குப் போனாக்கூட ரெண்டு பேரும் சேந்துதான் போவோம்.

ஞாயித்துக்கெழம ஆனா டிவி பாக்க எங்க வூட்டுக்கு வந்துருவா. நான் உள்ள உக்காந்துருப்பேன், அவ வாசப்படியில. பலகாரம் செஞ்சா அம்மா ரெண்டு பேருக்கும்தான் குடுப்பாங்க, பாரபட்சம் கெடையாது… எனக்கு சில்வர் தட்டுல, அவளுக்கு நியூஸ் பேப்பர்ல.

அதெல்லாம் அப்ப எனக்குத் தெரியாதுன்னு சொல்ல ஆசதான். தெரியும். பத்து வயசுல எல்லாமே தெரியும்ங்க. ஏன்னு கேக்கத் தோணல, அவ்ளோதான்.

அந்த வெள்ளிக்கெழம அஞ்சு சொல்லு குடுத்து வாக்கியத்துல அமைச்சு எழுதச் சொன்னாங்க. அதுல ஒண்ணு, வேறுபாடு. நோட்ஸ்ல இருந்தத மனப்பாடம் பண்ணி, இரவுக்கும் பகலுக்கும் வேறுபாடு உண்டுன்னு மொத்த கிளாஸும் எழுதி வெச்சிருந்துச்சு. நானுந்தான். சொந்தமா எழுதியிருந்தாலும் அர்த்தம் சரியா இருந்தா ரைட்டு போடுங்கன்னு டீச்சர் சொல்லியிருந்தாங்க.

மலர் நோட்டுல இப்படி இருந்துச்சு.

"சில்வர் தட்டில் சாப்பிடுவதற்கும் செய்தித்தாளில் சாப்பிடுவதற்கும் வேறுபாடு உண்டு."

எழுத்து முத்து முத்தா இருந்துச்சு. ஒரு பிழ கெடையாது. எனக்குக் காது ரெண்டும் சூடாயிருச்சு. எங்கம்மாவ யாரோ நடு கிளாஸ்ல நிக்க வெச்ச மாதிரி ஒரு ஆத்திரம். பேனாவ அழுத்திப் புடிச்சு பெருசா ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

நோட்ட வாங்கிப் பாத்தவ நேரா டீச்சர்ட்ட போயிட்டா. டீச்சர் என்னக் கூப்ட்டு, இது ஏன் தப்புன்னு கேட்டாங்க.

"அர்த்தம் இல்ல டீச்சர். பேப்பர்ல யாரு சாப்புடுவா?"

கிளாஸே சிரிச்சுச்சு. டீச்சரும் சிரிச்சுட்டு, சரி போய் உக்காருங்கன்னு விட்டுட்டாங்க. மலர் மட்டும் என்னையே பாத்தா. உங்க வூட்லதான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கு என் மானம் போயிருக்கும். அவ சொல்லல. அஞ்சுக்கு நாலு மார்க்க வாங்கிக்கிட்டுப் போயி உக்காந்துட்டா.

அந்த ஞாயித்துக்கெழம அவ வரல. அதுக்கப்பறம் வரவே இல்ல. எங்கடி அவளக் காணும்னு அம்மா கேட்டதுக்குக் காய்ச்சல்னேன்… அடுத்த வாரமும் காய்ச்சல்னேன். ஆறாவதுக்கு அவ பெரம்பலூர் ஹாஸ்டலுக்குப் போயிட்டா.

இருபத்தஞ்சு வருஷம் ஓடிப்போச்சு. போன வருஷம் பெரம்பலூர்ல அரும்பாவூர் பஸ் ஏறி உக்காந்தா, பக்கத்து சீட்டுல… அவளேதான். அரியலூர்ல நர்ஸா இருக்காளாம். ரெண்டு புள்ளைங்க. ஊர்க்கத எல்லாம் பேசிக்கிட்டே வந்தோம். எனக்குத்தான் தாங்கல, போட்டு ஒடச்சுட்டேன். அன்னிக்கு வேணும்னேதான் தப்பு போட்டேன், மன்னிச்சுருடின்னேன்.

ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டே சொன்னா. "அத வுடுடி, சின்னப் புள்ளைங்க. ஆனா அந்த ஞாயித்துக்கெழம நீ வந்து கூப்புடுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

போயிக் கூப்புடணும்னு எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோணல.

நம்பர் வாங்கிக்கிட்டேன். அப்பறம் வாட்ஸ்அப்ல தெனமும் பேச்சுதான். அன்னிக்கும் இன்னிக்கும் காலம் எவ்ளோ மாறிப்போச்சுன்னு எனக்குள்ள ஒரு பெருமைகூட. அதே வூட்ட மாடி வெச்சுக் கட்டியாச்சு, அம்மா இப்பவும் எங்கூடத்தான். இப்பல்லாம் யாரு அதெல்லாம் பாக்குறான்னு அம்மாவே சொல்லுவாங்க. சரின்னு ஒரு நாள் போன் போட்டு, இந்த ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வாடி, சமைச்சு வெக்கிறேன்னேன். சந்தோஷமா வரேன்னா. அப்பறம் சாதாரணமாத்தான் கேட்டா.

"அம்மா இருக்காங்களா?"

"இல்லடி, ஜெயங்கொண்டத்துல தங்கச்சி வூட்டுக்குப் போயிருக்காங்க. வர பத்து நாளாவும்."

சொல்லி முடிச்சப்பறம்தான் எனக்கே ஒறச்சுச்சு, நான் எந்த நாளாப் பாத்து அவளக் கூப்ட்டுருக்கேன்னு. அவளுக்கு அது முன்னாடியே புரிஞ்சுருச்சு போல.

"அவங்க வரட்டும்டி. வந்தப்பறம் கூப்புடு. கண்டிப்பா வரேன்."

அம்மா வந்து நாலு மாசம் ஆச்சு. நான் இன்னும் கூப்புடல.