பணிவானவராம் புஷ்பராணி டீச்சர்

புஷ்பராணி டீச்சர் போய்விட்டார்.

காலையில் கொட்டகலையிலிருந்து அவருடைய தங்கச்சி ஃபோன் பண்ணினார். நெஞ்சு வலி... ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே.

பத்து மணிக்குள் எங்கள் ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் பேனர் டிசைன் வந்துவிட்டது. படத்துக்குக் கீழே "அமைதியும் பணிவும் நிறைந்த ஆசிரியை" என்று போட்டிருக்கிறார்கள்.

பணிவாம்.

ஒன்பது வருஷம் அவருடைய பக்கத்து வகுப்பில் கணக்குப் படிப்பித்தவள் நான். நடுவில் பாதிச் சுவர்தான். அவர் யாருக்கும் பணிந்து நான் பார்த்ததில்லை, கேட்டதும் இல்லை.

தரம் ஆறுக்கு அவர் விஞ்ஞானம். வகுப்பில் ஜன்னல் ஓரமாக ஒரு கண்ணாடித் தொட்டி... யாரோ மீன் வளர்த்துக் கைவிட்டது, ஒரு மூலை உடைந்து கம் போட்டு ஒட்டியது. அதில் தலைப்பிரட்டைகள் வளர்த்தார். முட்டைக்கோவாத் தோட்டத்து வாய்க்காலில் பிள்ளைகள் பிடித்து வந்தவை.

அவித்த கோவா இலைதான் சாப்பாடு. பின்னங்கால் வந்த அன்று மொத்த வகுப்பும் என் வகுப்புக்குள் ஓடி வந்து சொன்னது. அன்றைக்கு என் பின்னக் கணக்கு அவ்வளவுதான்.

முன்னங்கால் வரத் தொடங்கியதும் டீச்சர் தொட்டிக்குள் ஒரு கல்லை வைத்தார். "இனி இதுங்களுக்கு ஏறி உக்கார எடம் வேணும். இல்லாட்டி மூழ்கிச் செத்துரும்" என்றார். தவளை தண்ணீரில் மூழ்கிச் சாகும் என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

பிரின்சிபல் சேர் ஒரு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "டீச்சர், இதெல்லாம் பரீட்சையில வருமா?"

"வராது சேர். தொட்டி இங்கதான் இருக்கும்."

இதுதான் நீங்கள் சொல்கிற பணிவு.

தொட்டிக்குத் தண்ணீர், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்துப் பீலியிலிருந்து. மலையிலிருந்து இறங்கி வருகிற தண்ணீர் அங்கேதான் குழாயில் விழும். பிள்ளைகளின் போத்தலுக்கும் அதே தண்ணீர், என் வீட்டுக் குடத்துக்கும் அதே தண்ணீர்.

ஒரு திங்கட்கிழமை முதல் பாடத்தில் தண்ணீர் மாற்றினார்கள். இன்டர்வெல்லுக்கு மணி அடிக்கும்போது எல்லாம் வயிறு மேலே தெரிய மிதந்தன. கல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று மட்டும் மிச்சம்.

பிள்ளைகள் அழுதார்கள். டீச்சர் அழவில்லை. "சனிக்கிழமை மேல் மலையில என்ன வேலை நடந்துச்சு?" என்று கேட்டார்.

"புல்லுக்கு மருந்து அடிச்சாங்க டீச்சர்" என்றாள் ஒரு பிள்ளை. "எங்கப்பாதான் அடிச்சாரு."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மழை.

மறுநாள் இரண்டு ஜாம் போத்தல் வைத்தார். ஒன்றில் பீலித் தண்ணீர், மற்றதில் கோயில் பக்கத்து ஊற்றுத் தண்ணீர். பிள்ளைகள் புதிதாகப் பிடித்து வந்த தலைப்பிரட்டைகளில் மூன்று மூன்று. ஸ்கூல் விடும்போது பீலிப் போத்தலில் எதுவும் அசையவில்லை.

அன்றே கடிதம் எழுதினார். பீலிக்கு மேலே மருந்து அடிக்கக் கூடாது, லயத்துக்கு வேறு தண்ணீர் வேண்டும்... அவ்வளவுதான் கேட்டிருந்தார். ஸ்டாஃப் ரூமில் ஒவ்வொரு மேசையாகக் கொண்டு வந்தார்.

நான் கையெழுத்துப் போடவில்லை.

என் வீட்டுக்காரருக்குத் தோட்டத்து ஆபீஸில் வேலை. நாங்கள் இருக்கிற குவார்ட்டர்ஸும் தோட்டத்துடையது. "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன் டீச்சர்" என்றேன். அவர் பேனாவை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். அங்கேயும் யாரும் போடவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தன்னுடைய ஒரே கையெழுத்தோடு தனியாக ஆபீஸுக்குப் போனார். அங்கே நடந்ததை என் வீட்டுக்காரர்தான் வந்து சொன்னார். கடிதத்தையும் பீலித் தண்ணீர்ப் போத்தலையும் தோட்டத்து மேனேஜர் தொரையின் மேசையில் வைத்தாராம்.

"இதுல ஒரு வாய் குடிங்க சேர். நான் இந்தக் கடிதாசிய இங்கேயே கிழிச்சுப் போட்டுட்டுப் போறேன்."

தொரை குடிக்கவில்லை.

இரண்டு மாதத்தில் கோயில் பக்கத்து ஊற்றிலிருந்து லயத்துக்குப் பைப் வந்தது. மூன்றாவது மாதம் டீச்சருக்கு ராகலைப் பக்கம் டிரான்ஸ்ஃபர் வந்தது. யார் சொல்லி வந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள்.

போகிற அன்று தண்ணீரை வடித்துவிட்டு, தொட்டியை மடியில் வைத்தபடி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் அதைப் பின்னால் வைக்கச் சொன்னான். "இது என்கூடத்தான் வரும்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தொட்டிக்குள் அந்தக் கல்லும் இருந்தது.

அங்கேயும் வளர்த்தார். போன மாதம்கூட படம் அனுப்பினார்... "முன்னங்கால் வந்துருச்சு டீச்சர்."

கையெழுத்தைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம் டீச்சர் நீங்கள்.

இன்றைய பேனரில் எங்கள் எல்லாருடைய பெயரும் வரிசையாக இருக்கிறது. என்னுடையதும். கடிதத்தில் போடப் பயந்த பெயர்கள், பேனரில் கொட்டை எழுத்தில்.

பணிவை எடுங்கள் என்று குரூப்பில் சொன்னேன். "பிரிண்டுக்குக் குடுத்தாச்சு, செத்த வீட்டுல பிரச்சினை வேணாம் டீச்சர்" என்கிறார்கள். நல்லது. நாளைக்கு ஒரு கறுப்பு மார்க்கரோடு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் இன்னும் அதே ஆபீஸில்தான். குவார்ட்டர்ஸும் அதேதான். இந்த முறை அவரிடம் கேட்கவில்லை... இதை எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன். வாங்கி, அடியில் நான் போட்டிருந்த பெயரைப் பார்த்தார். பிறகு "முழுப் பேரையும் போடு" என்றார்.

போயிட்டு வாங்க டீச்சர்.

சுப்பையா மல்லிகாதேவி,
கணித ஆசிரியை.
உங்கள் கடிதத்தில் இரண்டாவது கையெழுத்து.