தோணிக்காரர்கள் இறக்கிய இஞ்சின்

அன்றைக்குத் தோணிக் கொட்டகையில் இருந்தது ஒன்பது பேர். அத்தான், அக்கா, மெக்கானிக் அண்ணாச்சி, தோணித் தண்டல், தண்டலுடைய ஆட்கள் நாலு பேர், அப்புறம் நான். வேடிக்கை பார்க்க வந்தவர்களைத் தண்டல் முதலிலேயே விரட்டிவிட்டார். கனம் தொங்கும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர் சட்டம். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகிற தோணிக்கு அவர்தான் தலைவர். கடலில் அவர் சொன்னதைக் கேட்டே பழகிய ஆட்கள், கரையிலும் அப்படியே நின்றார்கள்.

நடுவில் கிடந்தது கார். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத, சிவப்பு இங்கிலீஷ் கார். பஞ்சுக் கம்பெனி வெள்ளைக்கார மேனேஜர் ஊரைவிட்டுப் போனபோது ஏலத்துக்கு வந்தது. இஞ்சின் பிளாக்கில் விரிசல். அந்த இஞ்சினுக்கு இந்தியா முழுக்கத் தேடினாலும் சாமான் கிடைக்காது என்று எல்லாரும் சொல்லியும், அத்தான் ஏலத்தில் கையைத் தூக்கிக் கேட்டுவிட்டார். அவருக்குப் பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் கயிறும் ஆணியும் பெயிண்டும் விற்கிற கடை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான் அந்தக் கடையில்தான் இருந்தேன். காரை ஓட வைத்து, எஸ்டேட்காரர் ஒருவருக்கு விற்றுவிட வேண்டும் என்பது அத்தானின் கணக்கு. அவரும் ஓடினால் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். ஓடினால்.

ஏலத்துக்கும் இஞ்சினுக்கும் சேர்த்து அக்காவின் அஞ்சு பவுன் சங்கிலி பேங்கில் போய் உட்கார்ந்திருந்தது. அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் சொல்லாததையெல்லாம் நான் ராத்திரி படுத்துக்கொண்டு எனக்குள்ளே சொல்லிக்கொள்வேன். கார் ஓடாது. எஸ்டேட்காரர் வரமாட்டார். சங்கிலி முழுகிப்போகும். அக்கா வெறுங்கழுத்தோடு கல்யாண வீடுகளுக்குப் போவாள், யாராவது கேட்பார்கள். என் மனசு எப்போதும் அப்படித்தான், கெட்டது நடப்பதற்கு முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடும்.

வழி கண்டுபிடித்தது மெக்கானிக் அண்ணாச்சி. கயத்தாறு பக்கம் லாரியில் மோதி நொறுங்கிய டாக்சி அம்பாசிடர் ஒன்று அவர் கொட்டகையில் கிடந்தது. முகம்தான் போயிருந்தது, இஞ்சின் பிழைத்திருந்தது. இரண்டும் ஒரே வம்சத்து இஞ்சின், இது அண்ணன், அது தம்பி, துளைக்குத் துளை சேரும் என்றார். டாக்சி இஞ்சினைச் சிவப்புக் காரின் பழைய கியர்பாக்ஸோடு வெளியிலேயே வைத்துப் பூட்டினார். ஆனால் அவ்வளவு கனத்தைத் தூக்கி இறக்க அவரிடம் வசதி இல்லை. தோணிக் கொட்டகையில் இருந்தது. மூன்று பாய்மரக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய முக்காலி, அதன் உச்சியில் கப்பி, கை மொத்தத்துக்கு வடம். அத்தான் கேட்டதும் தண்டல் சரி என்றார்.

இஞ்சின் மேலே ஏறியது. நான் வடத்தின் ஒவ்வொரு புரியாகப் பார்த்தேன். எங்கள் கடையில் வாங்கிய வடம், அதுவே எனக்குப் பயம். தண்டல் உள்ளங்கையை மட்டும் அசைத்தார். கை கவிழ்ந்தால் இறக்கம், நிமிர்ந்தால் நிறுத்தம், சுண்டுவிரல் மடங்கினால் பின்பக்கக் கயிறு ஒரு பிடி தளர்வு. கியர்பாக்ஸ் வால் கீழே சாய, இஞ்சின் தலை மேலே நிமிர, அந்த இரும்பு முழுதும் சரிந்து தொங்கியது. அந்தச் சரிவில்தான் அது உள்ளே போகும், இல்லாவிட்டால் போகாது. இரண்டு பக்கமும் விரல் அகலம் இடைவெளி. காற்று அடித்தது, முக்காலி முனகியது, நாலு பேரின் முதுகும் ஒரே முதுகு மாதிரி வளைந்தது. ஒரு உரசல் இல்லை, ஒரு கீறல் இல்லை. மூச்சு விடாமல் நின்றேன். கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை. அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். இரும்பு இரும்பின் மேல் உட்கார்ந்தபோது டொக் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான்.

அண்ணாச்சி போல்ட்டுகளைப் போட்டுவிட்டு, ரேடியேட்டர் குழாய் வாங்கி வரக் கடைத்தெருவுக்குப் போனார். அத்தானும் நானும் பெட்ரோலுக்குப் போனோம். திரும்பி வந்து, தண்ணீர் ஊற்றி, சாவியைத் திருப்பினார் அண்ணாச்சி.

கார் பேயாடியது. கதவு படபடத்தது, கண்ணாடி அதிர்ந்தது, முன்விளக்கு வளையம் ஒன்று கழன்று உருண்டு தண்டலின் காலடியில் போய் விழுந்தது. அண்ணாச்சி சட்டென்று அணைத்தார். எல்லாம் போச்சு என்று அக்காவின் கழுத்தைப் பார்த்தேன். அண்ணாச்சி குனிந்து உள்ளே பார்த்தவர், நிமிரவே இல்லை. கையை விட்டு ஒரு தேக்குக் கட்டையைத் தடவினார்.

“இஞ்சினுக்கு அடியில ரப்பர் வச்சேன். அத எங்க?”

தண்டல் மடியிலிருந்து இரண்டு ரப்பர் துண்டுகளை எடுத்து நீட்டினார். நாங்கள் போயிருந்தபோது அவர் ஆட்கள் இஞ்சினை லேசாகத் தூக்கி, ரப்பரை உருவிவிட்டு, தோணியில் இஞ்சினை இறுக்குகிற மாதிரியே தேக்கு ஆப்பு அடித்து இறுக்கியிருந்தார்கள். கட்டையை அறுக்கும்போது பிடித்துக்கொண்டது அக்காதானாம்.

“லொடலொடன்னு இருந்துச்சு அண்ணாச்சி. கடல்ல இஞ்சின் இம்புட்டு அசைஞ்சாலும் அடிப்பலகைய பேத்துரும்லா” என்றார் தண்டல்.

“இது கடலுக்குப் போகாது தண்டலே. இஞ்சின் ரப்பர் மேல ஆடட்டும், வண்டி ஆடாம இருக்கும்.”

“அப்ப அதுக்கு நீரு தொட்டில் கட்டியிருக்கணும்” என்றார் தண்டல். அவர் ஆட்கள் சிரித்தார்கள். அண்ணாச்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி வடம், மறுபடி அந்த உள்ளங்கை. ஆப்பு வெளியே வந்தது, ரப்பர் உள்ளே போனது.

இரண்டாம் தடவை திருப்பியபோது ஓடுகிறதா என்றே தெரியவில்லை. அண்ணாச்சி என் கையைப் பிடித்து இஞ்சின் மூடிமேல் வைத்தார். உள்ளங்கையில் ஒரு நடுக்கம், தூங்குகிற பிள்ளையின் நெஞ்சு மாதிரி. கயத்தாறு பக்கம் நசுங்கிய வண்டியின் இஞ்சின் அது. யாரோ ஒரு டிரைவர் அதை ஓட்டிக்கொண்டு வந்து அங்கே மோதினான். அது இப்போது வேறு ஒரு உடம்புக்குள் இருந்துகொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி ஓடுகிறது. எனக்குக் கையை எடுக்கத் தோன்றவில்லை.

அத்தான் அக்காவை ஏறச் சொன்னார். முடியாது, எல்லாரும் பார்ப்பார்கள் என்றாள். பிறகு ஏறினாள். புதுத் துறைமுகச் சாலையில் உப்பளங்களுக்கு நடுவே அந்தச் சிவப்பு சின்னதாகிக்கொண்டே போனது. இரண்டு பக்கமும் வெள்ளை உப்புக் குவியல், மேலே வெயில், சத்தமே கேட்கவில்லை. எங்கே நின்றுபோகும், எங்கே கவிழும் என்று என் மனசு வழக்கம்போல முன்னால் ஓடப் பார்த்தது. கார் அதைவிட வேகமாகப் போய்விட்டது.

திரும்பி வந்தபோது அக்காவின் தலை கலைந்து, முகமெல்லாம் உப்புக்காற்று. இறங்காமல் உட்கார்ந்தே சொன்னாள்.

“இத விக்க வேண்டாம்.”

அத்தான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. அவருக்கும் அதே ஆசை என்பது முகத்தில் தெரிந்தது, சொல்லத்தான் தைரியம் இல்லை. நான்தான் கேட்டேன், சங்கிலி என்னாவது என்று.

“சங்கிலி கழுத்துல சும்மாதானலே கெடக்கும்” என்றாள் அக்கா. “இது போகுதுலா.”

எஸ்டேட்காரருக்கு வர வேண்டாம் என்று நான்தான் தந்தி அடித்துவிட்டு வந்தேன். வரும் வழியில் பேங்க் படியேறிக் கேட்டேன். வட்டியோடு சேர்த்து இன்னும் கட்ட வேண்டியது ஆயிரத்து நூற்று எண்பது ரூபாய்.