கரண்டி சிறுத்த வாரம்

சட்டை தைக்கும் தொழிற்சாலை ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் பதினோரு வருஷமாகச் சமைக்கிறவளை எல்லோரும் 'வாளியக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பிடுகிறவர்களின் முகத்தை அவள் நம்பமாட்டாள். கை கழுவும் இடத்தில் மிச்சம் கொட்டுகிற வாளியைத்தான் தினமும் எட்டிப் பார்ப்பாள். வாய் உபசாரத்துக்குப் பொய் சொல்லும், வாளி சொல்லாது என்பது அவள் கட்சி.

அந்த மாதம் அரிசி யானை விலை குதிரை விலை விற்றது. காசு கொடுத்தாலும் கடைகளில் மூட்டை இல்லை. திங்கட்கிழமை மேலாளர் அடுப்படிக்கே வந்துவிட்டார்.

"லாரி சனிக்கிழமைதான் வருமாம். இருக்கறது மூணு மூட்டை. சட்டியில இருந்தாத்தானேம்மா அகப்பையில வரும்? நாளையிலேர்ந்து அடுப்பை அணைச்சிடலாம். அவங்கவங்க வீட்டுலேர்ந்து கொண்டு வரட்டும்."

"வீட்டுல மட்டும் கொட்டிக் கிடக்கா சார்? பாதிப் பேர் இந்தச் சோத்தை நம்பி வெறும் வயித்தோட வர்றாங்க. சனிக்கிழமை வரைக்கும் நான் ஓட்டிக் காட்டறேன். ஒருத்தர் பசியோட எழுந்து போனாலும் நானே அடுப்பை அணைச்சிடறேன்."

வீறாப்பு இல்லை, தினமும் ஒன்றரை வாளிச் சோறு வீணாவது அவளுக்குத் தெரியும். மறுநாள் பெரிய கரண்டியை ஆணியில் மாட்டிவிட்டுச் சின்னதை எடுத்தாள். எத்தனை தடவை வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று உரக்கச் சொன்னாள்.

"என்னக்கா, கரண்டியும் டயட்ல இருக்கா?" என்றான் இஸ்திரி போடுகிறவன்.

"உன் தொந்தியைப் பாத்து அதுக்குப் பயம் வந்திருச்சு. சாப்பிட்டுட்டு மறுபடி வா."

அவன் மூன்று தடவை வந்தான். வாளி காலி. புதன்கிழமையும் காலி. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டுபோய் மேலாளரிடம் காட்டிவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை வாளியைப் பார்க்கப் போனபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பொத்தான் தைக்கும் பெண் குழாயடியில் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ மறுபடி வந்து வாங்கவே இல்லையே?"

"எல்லாரும் பாக்கறப்போ எழுந்து வந்து கேக்க ஒரு மாதிரி இருந்துச்சுக்கா."

"எத்தனை நாளா?"

"கரண்டி மாத்தினதுலேர்ந்து."

அக்காவுக்குச் சுருக்கென்றது. கோபம் கோபமாக வந்தது, எல்லாம் தன்மேல்தான். சோறு வீணாகவில்லை என்றுதான் வாளி சொல்லியிருந்தது. வயிறு நிறைந்தது என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

நேராக மேலாளரிடம் போனாள். "ஒருத்தி மூணு நாளா அரைவயித்தோட எழுந்து போயிருக்கா சார்."

"அப்போ அடுப்பை..."

"அணைக்கறதா? அந்தப் பேச்சை வாபஸ் வாங்கிக்கறேன். தப்பு கரண்டியில இல்ல, என் காலுல. நின்ன இடத்துலேயே நின்னுட்டேன்."

வெள்ளிக்கிழமை சோற்றுப் பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தாள். யாரையும் வேண்டுமா என்று கேட்காமல் காலியான தட்டுகளில் போட்டுக்கொண்டே போனாள். பொத்தான் பெண் தட்டைக் கையால் மறைத்து, "போதும்க்கா" என்றாள்.

"உன் வாயை யார் கேட்டா? கையை எடு."

சனிக்கிழமை மதியம் வாசலில் லாரி ஹாரன் கேட்டபோது, கடைசி மூட்டையில் இன்னும் கொஞ்சம் அரிசி இருந்தது. அக்கா வாளியை எட்டிப் பார்த்தாள். அடியில் ஒரு கைப்பிடிச் சோறு கிடந்தது.

"அப்பாடா! யாரோ சாப்பிட முடியாம மிச்சம் வச்சுட்டுப் போயிருக்காங்க" என்றாள்.