வீட்டைத் தூக்கிக்கொண்டு போன கோபம்

கோபம் வந்தால் மற்ற வீட்டு அப்பாக்கள் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்கள். என் அப்பா வீட்டையே தூக்கிக்கொண்டு போனார். ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, மலாய் நாட்டு லாயாங் லாயாங்கில் நடந்தது இது. அப்போது நான் எட்டு வயது வாயாடி.

எங்கள் வீடும் பெரியப்பா வீடும் எதிரெதிரே இருந்தன. ஒரு நாள் பெரியப்பாவின் பசு எங்கள் வெற்றிலைக்கொடியை மிச்சமில்லாமல் தின்றுவிட்டது. அப்பா நியாயம் கேட்கப் போனார். வெற்றிலை தின்ற பசு இனி சிவப்பாகத்தான் பால் கறக்கும் என்று பெரியப்பா சிரித்தார். சிரிக்காமல் இருந்திருக்கலாம். இனிமேல் காலையில் கதவைத் திறந்து அண்ணன் முகத்தில் விழிக்கப் போவதில்லை என்று அப்பா சபதம் போட்டுவிட்டார்.

ஓடைக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. வீட்டை அங்கே கொண்டுபோய், வாசலை ரயில் பாதைப் பக்கம் திருப்பி வைத்துவிடுவது என்று முடிவானது. அப்பா தச்சர். அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட அந்தப் பலகை வீட்டைக் கால் முதல் கதவு வரை அவரே செய்திருந்தார். பிரித்துக் கட்ட அவருக்கு மனம் வரவில்லை.

பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்க்காரர்கள் வீட்டை முழுசாகத் தூக்கிப்போவதில் கைதேர்ந்தவர்கள். கால்மேல் நிற்கும் வீட்டின் பலகைத் தரைக்கு அடியில் மூங்கில்களைக் கட்டி ஆளுக்கொரு தோள் கொடுப்பார்கள். கூலி கேட்க மாட்டார்கள், வயிறாரச் சோறு போட்டால் போதும். அம்மா அண்டா நிறைய மீன்குழம்பு வைத்தாள். சாமான்களையெல்லாம் இறக்கினோம். அடைக்கோழி மட்டும் இறங்க மறுத்து, உட்கார்ந்தபடியே பயணம் வந்தது.

அப்பா பின்மூலையில் தோள் கொடுத்தார். முன்மூலையில் ஓர் ஆள் குறைகிறது என்று கம்பத்துத் தலைவர் கத்தினார். யாரும் கூப்பிடாமலே பெரியப்பா துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். வீடு நகரத் தொடங்கியதும் நான் ஓடிப்போய் அப்பாவிடம் கோள் சொன்னேன்.

"அப்பா, முன்னாடி பெரியப்பா தூக்குறாரு."

"இப்ப தோள எடுத்தா வீடு சாயும். நடக்கச் சொல்லு," என்றார் அப்பா.

ஓடையைத் தாண்டி நிலத்துக்கு வந்ததும், ரயில் பக்கம் திருப்பச் சொல்லி அப்பா பின்னாலிருந்து கத்தினார். முன்னால் பெரியப்பா தலைவரிடம் மலாயில், எங்கள் ஆட்கள் வீடு கிழக்கே பார்த்துத்தான் இருக்க வேண்டும், அது வழக்கம் என்று அடித்துச் சொன்னார். வழக்கம் என்றதும் தலைவர் அப்படியே இறக்கச் சொன்னார். வீடு கிழக்கே பார்த்து இறங்கியது. கிழக்கே சூரியன் இருந்தது. அதற்குக் கீழே, எங்கள் வீடு இருந்த காலி இடத்தைத் தாண்டி, பெரியப்பா வீடு பளிச்சென்று தெரிந்தது.

குழம்பு வாசனை பிடித்தவர்கள் மறுபடி தூக்குவார்களா? அப்பாவின் கண்டனத்தை நான்தான் பந்திக்குக் கொண்டுபோனேன். பெரியப்பா மீன்முள்ளை எடுத்தபடி பதில் சொன்னார்.

"சூரியன் என் வீட்டுப் பக்கம் உதிச்சா நான் என்ன பண்றது லா?"

அதன்பிறகு தினமும் அப்பா கதவைத் திறப்பார். அங்கே பெரியப்பா பால் கறந்துகொண்டே ஒரு செருமல் செருமுவார். அப்பா வானத்தைப் பார்ப்பார். ஒரு நாள் காலை அங்கே ஆளைக் காணவில்லை. அப்பா காப்பி ஆறும்வரை வாசலிலேயே நின்றார். பிறகு, மாடு கத்துகிறது, என்னவென்று பார்த்துவிட்டு வா என்று என்னை விரட்டினார். போனேன். பெரியப்பா காய்ச்சலில் படுத்திருந்தார், மாடு சும்மாதான் நின்றது.

அப்பா இப்படி ஏமாந்துவிட்டாரே என்று எனக்கு ரொம்ப நாள் ஆத்திரம். ஊரில் பாதி வீட்டுக்குக் கதவு வைத்துக் கொடுத்தவர் அவர். எங்கள் கதவைப் பெயர்த்து ரயில் பக்கச் சுவரில் வைக்க அவருக்கு அரை நாள் போதும். அது எனக்குத் தோன்றவே இல்லை.