மூன்று பேர் ஒரே கோட்டில்

நீலாவதியிடம் யார் எதைக் கேட்டாலும், பக்கத்தில் நிற்பவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்தே அப்படித்தான்.

அவளுடைய அண்ணன்கள் ஆதிநாராயணனும் கலியமூர்த்தியும் ஒரே தெருவில் இருந்தும், நிலத் தகராறில் பேச்சை விட்டிருந்தார்கள். பெரியவர் ஆதிநாராயணன் தன் மகனுக்கு நீலாவதியின் மகள் கனகாவைக் கேட்டிருந்தார். நீலாவதிக்கும் அதில்தான் ஆசை.

எழுபத்திரண்டாம் வருஷம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியை வந்தார். தெருவில் யாருக்கு யார் என்ன உறவு என்று வீடு வீடாகக் கேட்டுப் படம் வரைவது அவருடைய ஆராய்ச்சி. அண்ணன்கள் இருவருமே தனித்தனியாக, தனக்குக் கூடப்பிறந்தது ஒரு தங்கை மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

நீலாவதியின் வீட்டுக்கு அவர் வந்தபோது பெரியண்ணன் மனைவி பெரியம்மாளும் அங்கே இருந்தாள்.

"கூடப்பிறந்தவங்க எத்தனை பேரும்மா?"

பெரியம்மாள் முந்திக்கொண்டாள். "எங்க வூட்டுக்காரரு ஒருத்தருதாங்க. வேணும்னா எங்க சம்பந்தியம்மாவையே கேளுங்க."

நீலாவதி அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு அண்ணனுங்க. எங்கம்மா மூணு பேரப் பெத்தாங்க. இல்லன்னு என்னால சொல்ல முடியாதுங்க."

"அப்ப பொண்ணையும் சின்னவரு வூட்டுலயே குடுத்துக்க" என்று பெரியம்மாள் எழுந்து போனாள். சின்னவருக்கு ஆண்பிள்ளையே கிடையாது.

அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. பேராசிரியை வரைந்த படத்தில் மூன்று பேரும் ஒரே கோட்டில் இருக்கிறார்கள். கனகாவை மங்கலம்பேட்டையில் வெளியாருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணன்கள் இன்னும் பேசுவதில்லை. நீலாவதி சின்னவர் வீட்டுக்கு மட்டும் போய் வருகிறாள்.