என் பெயரின் பின்பாதி

என் பெயரின் பின்பாதி இங்கிலாந்துக்காரர்களுடையது. ராயபுரத்தில் ஆங்கிலோ இந்தியர்களான எங்களைச் சட்டைக்காரர்கள் என்பார்கள். கப்பலில் வந்து இறங்கிய ஒரு வெள்ளைக்கார மாலுமிதான் நம் குடும்பத்துக்கு மூத்தவர் என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். என் அண்ணன்மார் இருவரும் ஆஸ்திரேலியா போய் அங்கேயே கண்ணை மூடினார்கள். துறைமுகம் பக்கத்து அலுவலகம் ஒன்றில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்ற நான், கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் இங்கேயே தங்கிவிட்டேன்.

போன வருடம் ஒரு மழை நாளில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் கைப்பேசியில் என் குடும்பப் பெயரைத் தேடினேன். இங்கிலாந்தில் அதே பெயருள்ள ஒரு அம்மாள் குடும்ப வரலாறு தொகுத்துக்கொண்டிருந்தார். எழுதினேன், பதில் போட்டார். பிறகு ஞாயிறுதோறும் மாலை நாலு மணிக்கு அவரே கூப்பிட ஆரம்பித்தார்.

இங்கிலாந்தில் பாலத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் வந்த பெயராம் எங்களுடையது. இங்கேயும் பாலம் உண்டு, அப்படிப் பார்த்தால் ராயபுரத்தில் பாதிப் பேருக்கு இந்தப் பெயர் வைக்கலாம் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். என்னை 'கஸின்' என்று அழைத்தார். அந்த ஒரு சொல்லுக்காக வாரம் முழுவதும் காத்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

மாலுமியுடைய பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவு கிடைத்தால் எங்களை எந்தக் கிளையில் சேர்ப்பது என்று தெரிந்துவிடும் என்றார். எங்கள் தேவாலய அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் பழைய பதிவேட்டில் தேடி, எங்கள் குடும்பத்தின் முதல் பெயரைக் கண்டுபிடித்தார். தகப்பன் என்ற இடத்தில் இந்த ஊர் மீனவர் ஒருவர். மாலுமி இருந்தது, ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானத்தகப்பன் என்ற இடத்தில்.

"அப்பல்லாம் ஞானத்தகப்பன் பேரையே கொயந்தைக்கு வெச்சிடுவாங்கம்மா. வெள்ளக்காரன் பேர் இருந்தா வேலைக்கு ஒதவும்ல" என்றார் எழுத்தர்.

மீனவரின் தெருப் பெயரும் எழுதியிருந்தது. நான் பிறந்து வளர்ந்த தெருதான். எதிர்ச்சாரியில் இன்றும் மீனவர் வீடுகள் இருக்கின்றன. நாம் வேறு ஆட்கள் என்று சொல்லி, அவற்றில் ஒன்றிலும் அப்பா எங்களைக் கால்வைக்க விட்டதில்லை. அவர் போன பிறகும் நான் போனதில்லை.

பதிவேடு கிடைக்கவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். இரண்டு ஞாயிறு அப்படித்தான் சமாளித்தேன். மூன்றாவது ஞாயிறு முடியவில்லை. பொய்யை வைத்து உறவு கொண்டாட எங்கள் வீட்டில் அப்பா ஒருவர் போதாதா? சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் சுவாரசியமான தகவல் என்றார், நன்றி சொன்னார். கஸின் என்று சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஐந்து மணிக்கு வாசலில் வந்து நின்றேன். எதிர்வீட்டில் மீன் விற்கும் பெண் வலையை உதறிக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஆன்ட்டி, அதிசயமா வெளிய கீற? வா, டீ போட்டுகினு கீறேன். வந்து குந்து."

நடுவில் பதினைந்தடித் தெருதான். அறுபத்தாறு வயதில் அதைக் கடக்க எனக்குக் கால் எழவில்லை.

"இல்லம்மா, ஒரு போன் வரணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.